லசால் தெருவில் புல் தேடுதல்

நான் குடியிருக்கும் வீடு முன்பு காப்பீட்டுக் கம்பெனி.
அடுப்பு இருக்குமிடத்தில் இழப்பீட்டுப் பிரிவு இருந்ததாம்.
என்ன தீய்ந்தாலும் அதனால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.
ஜன்னல் திறக்காது.
காற்று வேண்டுமென்றால்
இருபத்திரண்டு மாடி இறங்க வேண்டும்.
நாய்க்கும் அதே சட்டம்.

நாயின் பெயர் ஓட்டிஸ்.
பெயர் தேடி அலையவில்லை,
லிஃப்டின் வாசற்படியில் எழுதியிருந்ததையே வைத்துவிட்டேன்.
அதுவும் தினம் நான்கு முறை
தன் பெயரை மிதித்து ஏறி இறங்குகிறது.

விடியற்காலையில் சிகாகோவின் இந்தப் பகுதியில்
கல் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது,
வெல்ஸ் தெருவுக்கு மேலே
இரும்பை இரும்பால் இழுத்துக்கொண்டு ரயில் போகிறது.
புல் மட்டும் இல்லை.
ஓட்டிஸ் ஒவ்வொரு தூணாக மோந்து,
திருப்தியில்லாமல் என்னைப் பார்க்கும்,
நான்தான் கட்டினேன் என்பதுபோல.

எட்டு மணிக்கு நிலையங்கள் ஆட்களைக் கொட்டும்.
எல்லோர் கழுத்திலும் அட்டை.
மூன்று மணிக்குச் சாண்ட்விச் கடை சாத்திவிடும்.
ஏழு மணிக்கு மேல் இங்கே
ஒரு வெங்காயம் கிடைக்காது.
பத்தாயிரம் மூட்டை சோளம் வேண்டுமானால்
வாங்கிக்கொள்ளலாம்.

பனிக்காலத்தில் தரைக்கடியில் நடப்பேன்.
செருப்புத் தைக்கும் கடை, பூட்டிய சலூன்,
பிறகு திடீரென்று
கல்யாணம் பதியும் அலுவலகத்தின் வெளியே
வெள்ளைக் கவுனும் பனிப் பூட்சுமாய் ஒரு பெண்.
போட்டோ எடுக்கச் சொன்னாள்.
எடுத்தேன். மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டான்.
சொல்லவில்லை.

லசால் தெரு முடியும் இடத்தில்,
கூரையின் உச்சியில்,
கதிர்க்கட்டோடு நிற்கிறாள் தானிய தேவதை.
அவளுக்கு முகம் கிடையாது.
இவ்வளவு உயரம் ஏறி யார் பார்க்கப்போகிறார்கள் என்று
விட்டுவிட்டார்களாம்.
இப்போது அவளைவிட உயரமாக
சுற்றிலும் எத்தனை ஜன்னல்கள்.
பல் டாக்டரின் நாற்காலியில்
வாயைப் பிளந்துகொண்டு
நேருக்கு நேர் பார்த்தேன்.
அவளுக்கு வாயே இல்லை.
கொடுத்துவைத்தவள்.

ஒன்பதாம் மாடியில் எமில் வோட்ருபா.
முப்பத்தொரு வருடம்
வர்த்தகக் குழியில் நின்று கோதுமை கோதுமை என்று கத்தியவர்.
தொண்டையில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.
கைதான் இன்னும் பேசும்:
உள்ளங்கை வெளியே திரும்பினால் விற்கிறேன்,
தன்பக்கம் திரும்பினால் வாங்குகிறேன்.
லிஃப்டில் என்னைப் பார்த்தால்
உள்ளங்கையை வெளியே காட்டுவார்.
எதை விற்கிறார் என்று நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் எங்களுடையது.
எங்களுடையது என்றால்
நான், ஓட்டிஸ், வோட்ருபா,
வங்கி வாசலில் காவலாளி கசிமிர்,
அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு.
ஒரு வண்டி இல்லாத சாலையில்
அது தன் வேலையை விடாமல் செய்கிறது.
அதன் எதிரே மீற வெட்கமாக இருக்கிறது.
நிற்கிறோம், மூன்று பேரும்.

போன ஞாயிறு
வங்கி வாசலில் புதிதாக நான்கு தொட்டிகள்.
இடுப்புயரப் புல், நுனியில் கதிர்.
ஓட்டிஸ் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி
ஆடுபோல மேய ஆரம்பித்துவிட்டது.
வோட்ருபா குனிந்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"இது கோதுமையா?"

எனக்கென்ன தெரியும்,
நான் மில்வாக்கியில்
கார் நிறுத்தும் கட்டிடத்துக்கு எதிரே பிறந்தவள்.
கசிமிருக்குத் தெரிந்திருந்தது.
"அலங்காரப் புல், ஐயா.
வெள்ளிக்கிழமை லாரியில் வந்தது.
அக்டோபரில் எடுத்துப்போவார்கள்.
வாடகைக்கு."

வோட்ருபா தலையாட்டினார்.
கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்தார்.
கசிமிர் அந்த நேரம் பார்த்து
ஷூவின் நாடாவைக் கட்டக் குனிந்தார்.

திரும்பும்போது லிஃப்டில் யாரும் பேசவில்லை.
ஓட்டிஸ் மட்டும் ஒருமுறை கக்கியது, பச்சையாக.
ஒன்பதாம் மாடி வரும்வரை
வோட்ருபாவின் ஒரு கை கோட்டுப் பையிலேயே இருந்தது.
மற்ற கை,
யாரையும் பார்க்காமல், மார்புக்கு நேரே,
உள்ளங்கை தன்பக்கம் திரும்பியபடி.