மூன்றாவது படம்

புந்தா அரேனாஸில் நவம்பர் காற்று ஆளைத் தூக்கும்.
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள், பிடித்து நடக்க.
அதைப் பிடித்துத்தான் வந்தாள் யாஸ்னா,
மார்போடு கட்டிய பதினேழு நாள் குழந்தையுடன்.

பிறப்பைப் பதிந்த கையோடு
தன் அடையாள அட்டையையும் புதுப்பிக்கக் கேட்டாள்.
வெள்ளைத் திரை, முக்காலி. நேரே பாருங்கள்.
"இடது கண்ணை நன்றாகத் திறங்கள், சென்யோரா."
"திறந்துதான் இருக்கிறது."

இரண்டாவது படத்திலும் அப்படியே.
வரிசை முனகியது.
மூன்றாவதை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.
நான் ஏற்கவில்லை.

பன்னிரண்டு வருடமாக முகம் பிடிக்கிறேன்.
அழுத கண், தூங்காத கண், குடித்த கண் எல்லாம் தெரியும்.
இது வேறு:
பாதி இறக்கிய ஷட்டர் மாதிரி இமை,
உள்ளே கடுகாய்ச் சுருங்கிய பாவை.

கேட்காமலே சொன்னாள்:
ஆறாம் நாளிலிருந்து கழுத்தில் ஒரு பக்கம் வலி.
குனிந்து பால் கொடுப்பதால் என்றாள் மாமியார்.
தலையணை என்றான் எலியேசர்.
பச்சை உடம்பு, வலிக்காமல் இருக்குமா என்றாள் மருந்துக்கடைக்காரி.
படுத்தால் காதுக்குள் யாரோ துடுப்புப் போடுகிறார்கள்,
நாடி துடிக்கிற கணக்கில்.
"அதுவும் காற்றுதானே?"

எனக்கு மருத்துவம் தெரியாது.
பழைய அட்டையைத் திரையருகே வைத்தேன்.
எட்டு வருடத்துக்கு முந்தைய முகம்,
இரண்டு கண்ணும் ஒரே அளவு.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
விதியில் அதற்கு இடமில்லை.

வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு சட்டைக் கையால் திரையைத் துடைத்தாள்,
இடது கண் இருந்த இடத்தை மட்டும்.

மிச்சத்தை அவள் தங்கை வந்து சொன்னாள்.
கழுத்துத் தமனியின் உள்தோல் கிழிந்து
ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்துவிட்டதாம்,
கோட்டுப்பையின் ஓட்டை வழியாக
உள்துணிக்குள் நழுவிய சாவி போல.
முக்கிப் பெற்ற அந்த ராத்திரியிலா,
அப்புறம் ஒரு தும்மலிலா,
மருத்துவர்களுக்கே தெரியவில்லை.
"ஒரு துளி உறைந்து மூளைக்குப் போயிருந்தால்..."
அதோடு நிறுத்திக்கொண்டாள்.
நான் எதற்கோ முத்திரை குத்தினேன்.

பிப்ரவரியில் அட்டை வாங்க வந்தாள்.
ரத்தம் உறையாமலிருக்க மருந்து;
முழங்கையில் கருநீலத் தழும்புகள்.
இமை ஏறக்குறைய மேலே.
யாராவது கூப்பிட்டால்
கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறாள்.

"வேறு படம் எடுத்துவிடலாமா?"
"வேண்டாம். அதுவே இருக்கட்டும்."

கையெழுத்துப் போடும்போது
அமாரோ என் மைத்திண்டை எட்டிப் பிடித்தான்.
ஐந்து விரலும் நீலம்.
அவள் கழுத்திலும் கொஞ்சம்.