இரண்டாம் துள்ளல்

பந்து இரண்டு முறை தரையில் படலாம்.
நாற்காலி ஆட்டத்தில் மட்டும் உள்ள சலுகை.
முதல் துள்ளல் கோட்டுக்குள் விழ வேண்டும்,
இரண்டாவது எங்கே விழுந்தாலும் கேள்வி இல்லை.
நகரியில் பிறந்தவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.
வீட்டில் தமிழ், ரேஷன் அட்டையில் தெலுங்கு,
அத்தையைக் கொடுத்தது பள்ளிப்பட்டில்,
கரண்ட் போனால் இரண்டு மாநிலத்தையும் திட்டுவோம்.

பத்தொன்பது வயதில்
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டரின் உச்சியில்
கூழ் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.
வளைவில் மாங்காய்கள் முதலில் இறங்கின,
பிறகு நான்,
பிறகு டிரெய்லர்.

புத்தூருக்குத் தூக்கிப் போனார்கள், வேறெங்கே போவார்கள்.
முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பட்டை, காடாத்துணி
எல்லாம் தயாராக இருந்தது.
கட்டுப்போடும் கை என் முதுகில் கொஞ்ச நேரம் நின்றது.
"எலும்பு இல்லம்மா, உள்ளே நூல்" என்றார்.

நாங்கள் தறிக்காரர்கள்.
இழை அறுந்தால் எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டு ஓட்டிவிடுவோம்,
சேலை வாங்குபவளுக்குத் தெரியாது.
அம்மா அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருஷம் படுக்கைப்புண்ணோடு பேசினேன்.
அதற்கு மருந்து போட வேலூர் போன இடத்தில்
ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒருத்தி, ஜெயசீலி,
சுவரில் பந்தை அறைந்துகொண்டிருந்தாள்.
யார் மேல் கோபம் என்று கேட்டேன்.
மட்டையை என் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.
திரும்பி வந்தபோது நான் கொடுக்கவில்லை.

ரைஸ் மில் களம்தான் என் மைதானம்.
நெல் காயாத நாட்களில், அதாவது
முதலாளி நாதமுனி நாயுடு
மழை வரும் என்று பயந்த நாட்களில்.
கரிக்கட்டையால் கோடு. வலைக்கு, தறியில் கழித்த பாவு.
ஒரு கையால் சக்கரம் தள்ளி,
மட்டை பிடித்த கையாலும் தள்ளி,
உள்ளங்கை செருப்புத் தோலானது.
அவித்த நெல் வாசனை இல்லாத இடத்தில்
இன்றும் எனக்கு முதல் சர்வீஸ் விழாது.

சென்னையில், நீ ஆந்திரா என்றார்கள்.
விஜயவாடாவில், பேச்சே அரவம் என்றார்கள்.
சான்றிதழில் ஊனம் எண்பது சதவீதம்.
மீதி இருபதை வைத்துக்கொண்டு
ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில்
கடைசிப் பெட்டிக்கு நாற்காலி தூக்க ஆள் பிடித்தேன்,
பதினான்கு வருஷம்.

பாங்காக்கில் பலகையில் எழுதினார்கள்:
பெயர், தேசம்மா. அடுத்த கட்டத்தில், தேசம்.
அறிவிப்பாளர் வாயில் நான் 'டெசாமா' ஆனேன்,
ஜப்பான்காரி என்று நினைத்து
எதிராளி குனிந்து வணங்கினாள்.
நானும் வணங்கினேன், எதற்கு வம்பு.

அன்று ஒரு பந்து
கோட்டுக்குள் பட்டு, வெளியே பறந்து,
விளம்பரத் துணியின் ஓரத்தில் இரண்டாம் முறை பட்டது.
அவள் முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள்.
நான் அங்கே இருந்தேன்.
எப்படி என்று கேட்காதீர்கள்,
கோட்டுக்கு அந்தப் பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு.

தோற்றேன். ஆறு-இரண்டு, ஆறு-ஒன்று.
அந்த ஒன்று, அதுதான்.

இப்போது வலது தோள் கிழிந்திருக்கிறது.
வேலூரில் படம் எடுத்துப் பார்த்து, போதும் என்றார்கள்.
தரவரிசையில் என் பெயர் இறங்கி இறங்கி
போன மாதம் காணோம்.
இடது கை எதற்கு இருக்கிறது, சோறு தின்னவா
என்று ஜெயசீலி ஃபோனில் கத்துகிறாள்.
சோறும் அதில்தான் தின்கிறேன், வலது கையில் கட்டு.

புத்தூர் கட்டு. முட்டை வாசனைக்கு எறும்பு ஏறுகிறது.
களம் முழுக்க நெல்.
நாயுடு கண்ணை இடுக்கி வானத்தைப் பார்க்கிறார், நானும்.
நகரி மூக்குக்கு மேலே ஒரு மேகம்.
சின்னதுதான்.

பல்லால் கடித்திழுத்து
இடது உள்ளங்கையில் டேப் சுற்றுகிறேன்.