ஏழாவது ஷரத்து

தம்பு செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் என் அறை.
மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும்,
நிறுத்தினால் கட்சிக்காரர் வேர்த்துக் கொட்டுவார்.
தேசிங்கு வந்தால் நிறுத்திவிடுவேன்.
தலைக்கு மேல் ஏதாவது சுற்றினால்
அவருக்குப் பேச்சு வராது.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
வயது நாற்பத்தி நாலு.
வழக்கின் வயது ஆறு.
அது நடந்தபோது ஒன்பது.
எண்களை மட்டும் தடுமாறாமல் சொல்வார்:
கட்டில் பதினேழு. படி இருபத்திரண்டு.
கொத்துல அஞ்சு சாவி,
நடக்கிற சத்தத்துலயே எண்ணிடலாம் மேடம்.

எதிர்த் தரப்பின் பெயர் அறக்கட்டளை.
அறம் பெயர்ப்பலகையில் இருந்தது.
இரவில் மாடியேறி வந்தது
கட்டளை மட்டும்.
அந்த ஆளின் பதவி காப்பாளர்.
பிராதில் அந்தச் சொல் வரும்போதெல்லாம்
என் விரல் ஒரு நொடி நிற்கும்,
பிறகு அடித்துவிடும். வேறு சொல் இல்லை.
ஆள் செத்துப் பதினோரு வருஷம்.
நிறுவனம் சாகாது,
அதனால்தான் அதன் மேல் வழக்கு.

குறுக்கு விசாரணை.
கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்ததல்லவா?
இருந்துச்சு.
திறந்து ஓடியிருக்கலாமே?
எட்டல சார்.
எவ்வளவு உயரம்?

ஆறடி ஆள், கூண்டுக்குள்
முழங்காலை மடக்கி, இன்னும் மடக்கி,
ஒரு பையனின் உயரத்துக்கு இறங்கிக்
கையை மேலே நீட்டினார்.
நான் நின்ற இடத்திலிருந்து
விரல்கள் மட்டும்தான் தெரிந்தன.
பதிவானது ஒரு வரி:
“சாட்சி உயரத்தைச் செய்கையில் காட்டுகிறார்.”

பிறகு வாய்தா.
வாய்தா, வாய்தா.
வாயைத் தா என்று கேட்டு வாங்கிக்கொண்டு
திருப்பித் தராத இடம்.

போன வாரம் சமரசக் கடிதம் வந்தது.
தொகை மோசமில்லை.
வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.
(எனக்கும் களைத்துவிட்டது. இதை எந்த மனுவில் எழுதுவது?)
ஏழாவது ஷரத்து:
இதுபற்றி வெளியில் எவரிடமும் பேசலாகாது.
இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

“மேடம், என் சம்சாரம்
வெளியா, உள்ளா?”

அலமாரி முழுக்கச் சட்டப் புத்தகம்.
நான் தண்ணீர் குடித்தேன்.

“அவகிட்ட இன்னும் சொல்லல.
யார்கிட்டயும் சொல்லாதேன்னு
காசு குடுக்கறாங்கோ.
அவனும் அதையேதான் சொன்னான்.
மிட்டாய் குட்த்தான்.”

கையெழுத்துப் போடாத தாளை நாலாக மடித்து
மேசையில் வைத்துவிட்டுப் போனார்,
பக்கத்தில் ஒரு பை சங்கரா மீன்.
அதுதான் ஃபீஸ் என்று அவர் நினைப்பு.
நான் கவனிக்கவில்லை.
ஐஸ் உருகி வழக்குக் கட்டெல்லாம் ஈரம்.

இன்று காலை கோர்ட்டில் கட்டைப் பிரித்ததும்
எதிர்த் தரப்பு வக்கீல்
கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றி,
என்னம்மா வாசனை இது? என்றார்.
மீன், யுவர் ஆனர் என்றேன்.
சமரசம் இல்லை என்றும் சொன்னேன்.