ஊசியின் காது

செல்கேர்க் அவெனியூவில் மைனஸ் முப்பத்தொன்று.
கடைக் கதவைத் தொட்டதும் விரல்நுனியில் பொறி.
"இந்தக் குளிருக்கு எல்லாமே மின்சாரம்,
தட்டு சும்மா கிடந்தே தூசியை இழுக்கும்"
என்றபடி லாரிஸா கண்ணாடிப் பெட்டியைத் திறக்கிறாள்.
உள்ளே ஐந்து கார்ட்ரிட்ஜ்கள்,
பல் வைத்தியர் எடுத்து வைத்தவை மாதிரி.

எனக்கு மோனோ வேணும்.
இரவெல்லாம் விமான நிலையத்தில்
இறக்கைகளின் பனிக்குப் பச்சைத் திரவம் அடிக்கிறவன் நான்.
பத்து மணி நேரம் காதை மூடிக்கொண்டு.
விடிந்து வீடு வந்தால்
ஒரே ஒரு நாதஸ்வரத்தைக் கேட்க விருப்பம்.
அதுவும்
அப்பளம் பொரிகிற சட்டிக்குள் இருந்துதான் வருகிறது.

மென்னோனைட்காரரின் பழஞ்சாமான் கடையில்
போல்கா தட்டுகளுக்கு நடுவில் கிடந்தது அது.
ஐம்பது சதம்.
யார் வின்னிபெக் வரைக்கும் காவி வந்து
யார் கைவிட்டதோ.
வித்துவானின் பெயர் இருந்த இடத்தில்
ஆரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்திருக்கிறார்கள்.
வட்டமாய் ஒரு கறை, அதற்குள் "ளை" மட்டும் மிச்சம்.

"எந்த வருஷத்துத் தட்டு?"
தெரியாது.
"தெரியவேணுமே. பழையதென்றால் இருபத்தைந்து மைக்ரான்,
பிந்தியதென்றால் பதினெட்டு.
மெல்லிய ஊசி பழைய பள்ளத்தின் அடிவரை இறங்கி
அழுக்கைத்தான் வாசிக்கும்."
டோர்ச் அடித்துப் பார்க்கிறோம்.
பாட்டு முடிந்த மொட்டை வளையத்தில்
கையால் கீறிய எண்கள், ஒரு கோடு, பிறகு ஒன்றுமில்லை.

அவள் விளக்குகிறாள்:
இந்தத் தட்டின் இசை பக்கவாட்டில் மட்டும் அசையும்.
தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் துள்ளவைக்கும்.
ஸ்டீரியோ எல்லாவற்றையும் கேட்கும், பாவம்.
மோனோவுக்கு மேலும் கீழும் கேளாது.
"ஆனால் கவனம், சிலது உள்ளே ஸ்டீரியோ,
வயரை முடிந்துவிட்டு மோனோ என்று விற்கிறார்கள்."

இப்படி ஒரு காது எனக்கிருந்தால், என்றேன்.
பிறகு ஏனோ சொன்னேன்,
எங்கள் மொழியில் ஊசிக்குக் காது இருக்கிறது,
நூல் கோர்க்கிற ஓட்டை.
இங்கிலிஷ்காரருக்கு அது கண்.
லாரிஸா நிமிர்ந்தாள்.
"உக்ரேனிய மொழியிலும் அது காதுதான். சின்னக் காது."
கொஞ்ச நேரம்
அவள் ஒன்றும் விற்கவில்லை
நான் ஒன்றும் வாங்கவில்லை.

விலை இரண்டு பனி டயர்.
கணக்கு என்னுடையது அல்ல, வதனியுடையது,
போனில்:
"முன் டயர் ரெண்டும் மொட்டை.
நீங்கள் ஊசி வாங்குறீங்கள்."
இருபத்தைந்தையே எடுத்தேன்.
அந்தக் கோப்பைக் கறையின் வயதை நம்பி.

அவளுடைய புருவச் சாமணத்தால்
மயிரிழை வயர்கள் நாலையும் பூட்டினேன்.
சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை.
மூன்றரை கிராம் பாரம்.
வதனி பேசவில்லை, என் வேலை உடுப்பை
அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஊசி இறங்கியது.
அப்பளச் சட்டி அடுத்த வீட்டுக்குப் போயிற்று,
முற்றாக அல்ல, ஒரு சுவர் தள்ளி.
ஒரு காதால் வாங்கி மறு காதால் விட
இதற்கு மறு காது இல்லை.
வாங்கியது எல்லாம் தங்குகிறது:
சீவாளியின் ஈரம்,
இரண்டு பிடிகளுக்கு நடுவே
அவசரமாய் உள்ளே இழுத்த ஒரு மூச்சு.

ஸ்பீக்கர் இரண்டும் ஒன்றையே சொல்வதால்
சத்தம் இரண்டிலும் இல்லை.
நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் நிற்கிறது.
எங்கள் வீட்டில் அந்த இடத்தில்
இருப்பது அயன் பலகை.

வதனி பிளக்கைக் கழற்றினாள்.
பலகையைக் குசினிப் பக்கமாய்
இரண்டடி இழுத்தாள், கால் தரையில் கிறீச்சிட.
"அந்தாளுக்கு நிக்க இடமில்லை" என்றாள்.
பிறகு,
"வியாழனுக்கு முதல் டயர்."