நிமிர்ந்தபடி

பிரித்துக்கொண்டபோது
ஃப்ரிட்ஜும் சோபாவும் அவனுக்குப் போயின.
பியானோவை அவன் கேட்கவில்லை.
இருநூற்று இருபது கிலோவை
யார் கேட்பார்கள்.

ஒருரோவிலிருந்து சாந்தா குரூஸ் வரைக்கும்
ஏறி, பின் இறங்கிக்கொண்டே இருக்கும் சாலை.
லாரிக்காரர் சாத்தூர்னினோ கொல்க்கே
சாமான் பட்டியலில் விரல் ஓட்டிவந்து
ஒரு வரியில் நின்றார்.
"படுக்க வைத்தால் பாதி இடம் மிஞ்சும்."
"படுக்கக் கூடாது. நிமிர்ந்தே வர வேண்டும்."
"எழுநூறு கிலோமீட்டருமா?"
"எழுநூறும்."

மூடியைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டேன்.
மிதிகட்டைகளைப் பழைய காலுறைகளில் நுழைத்தேன்.
அவனுடையவை; அவற்றையும் அவன் கேட்கவில்லை.
ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து கம்பளி.
ஓட்டுநர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் தகரச் சுவரோடு ஒட்டி
நான்கு பட்டைகள்.
பட்டையைச் சுண்டிப் பார்த்தேன்,
தாழ்வாக ஏதோ ஒரு சுரம்.
இன்னும் ஒரு பல் இறுக்கினேன்.

கணவாயில் சாலையை மறித்திருந்தார்கள்.
கற்கள், எரியும் டயர், சுரங்கத் தொப்பிகள்.
எங்களுக்கு முன்னால் அறுபது வண்டி,
அதில் ஒன்று முழுக்கக் கோழி.
"எத்தனை நாள்?"
"அமைச்சர் வரும்வரை."
சாத்தூர்னினோ கன்னத்தில் கோக்கா இலையை அடக்கி
இருக்கையைச் சாய்த்தார்.
அவர் படுக்கலாம்.

ஒருத்தி வந்து பின்கதவைத் தட்டினாள்.
உள்ளே என்ன?
சொன்னேன். நம்பவில்லை. திறந்து காட்டினேன்.
கம்பளிக்கு மேலேயே கை வைத்து
சினைமாட்டின் வயிற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"ஒரு பாட்டு வாசியேன்" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.
பட்டையை அவிழ்க்க முடியாது என்றேன்.
வாசிக்கவில்லை.
கதை அப்படிப் போகவில்லை.

இரவு, பூஜ்யத்துக்குக் கீழே எட்டு.
அவளே திரும்ப வந்தாள். பேர் பசிலியா.
சின்னவனுக்கு இருமல்,
எரிக்க டயரும் தீர்ந்துவிட்டதாம்.
"அதுக்கு ஐந்து போர்த்தியிருக்கிறாய்" என்றாள்.
கேட்கவில்லை.
எண்ணிக்கையை மட்டும் சொன்னாள்.

அவிழ்க்க முடியாது என்ற அதே கை
இரண்டு பல் தளர்த்தி ஒன்றை உருவியது.
பிறகு வேறொருத்தி.
பிறகு ஒரு கிழவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.
பிறகு எண்ணவில்லை.
விடிவதற்குள் அது வெறும் கறுப்பு மரமாக நின்றது,
பட்டைகள் தொளதொளவென்று.
மரத்துக்கும் பட்டைக்கும் நடுவில்
என் மேலங்கியை மடித்துச் செருகி
மறுபடி இறுக்கினேன்.
குளிரில் உள்ளே எங்கோ ஒருமுறை
டிக் என்றது.
சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன்,
அதனால் ஏதோ ஆகப்போகிறது போல.

மூன்றாம் நாள் மதியம் கற்களை உருட்டி வழிவிட்டார்கள்.
அமைச்சர் வந்தாரா, தெரியாது.
கம்பளிகள் கைமாறிக் கைமாறி லாரி ஏறின,
ஒவ்வொன்றிலும் ரப்பர் புகை.
எண்ணினேன்.
ஆறு.
கத்திக் கூப்பிடுவதற்குள்
பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்து
எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டன.

சாந்தா குரூஸில் சுவருக்கே வேர்க்கிறது.
சுருதி சேர்க்கும் இசித்ரோ வந்தார்,
மூடியைத் திறந்தார், முகர்ந்தார்,
ஒன்றையும் தொடாமல் மூடினார்.
"மூன்று வாரம் அப்படியே விடுங்கள்.
இந்த ஊர்க் காற்றைக் குடித்து மரம் உப்பும், அடங்கும்.
அதுவரை எது சரி எது தப்பு என்று
யாராலும் சொல்ல முடியாது."
பியானோவைப் பற்றித்தான் சொன்னார்.

ஆறாவது, லாமா ரோமம்.
ஓரம் கருகியிருக்கிறது,
ஒரு மூலையில் சிவப்பு நூலால் தையல்.
முப்பத்தாறு டிகிரியில் அதற்கு ஒரு வேலையுமில்லை.
இந்த வீட்டுத் தரை இடப்பக்கம் சரிவு,
உருட்டிவிட்ட எலுமிச்சை அடுப்படிக்குப் போய்விடும்.
நாலாய் மடித்து
அந்தப் பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் கொடுத்தேன்.

தொடக் கூடாதுதான்.
நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை
அழுத்தினால் எழ மறுக்கிறது.
காலையில் காபி வைத்துவிட்டு
நகத்தால் அதைத் தூக்கிவிடுகிறேன்.