முன்னாள் செயலாளர்

பழைய பச்சைச் சட்டையைக் கிழித்துக்
கையில் பட்டையாகக் கட்டிக்கொண்டு
காலை எட்டே முக்காலுக்கு வாசலில் நிற்பேன்.
வேலூர் வெயிலுக்கு அதுவே உச்சி.
பையைத் திற. டிபன் பாக்ஸைத் திற.
கவரில் சாம்பார் கட்டி வந்தவர்
பத்து ரூபாய் வைத்துவிட்டு உள்ளே போ.
பாட்டிலா, மூடியைக் கழற்று, காற்றை எடு,
முறுக்கு, மூடு, அப்புறம் தொட்டியில் போடு.
இரண்டாம் ஆண்டு தாவரவியல்,
பசுமை மன்றச் செயலாளர்,
பத்தொன்பது வயது.
பாலாறு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான்
நிற்கிறது என்று நினைத்திருந்தேன்.
ஆற்றில் மணல்கூட மிஞ்சாத வருஷம் அது.

கேன்டீன் அமலோற்பவம் அக்காவின்
ஸ்ட்ரா கட்டுகளை அள்ளி
முதல்வர் மேஜையில் கொட்டினேன்.
ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோலில்
அன்னம் செய்திருந்தார்கள் முதலாண்டுப் பிள்ளைகள்.
மூன்று ராத்திரி வேலையாம்.
கழுத்தை நானே ஒடித்துக் காட்டினேன்.
(வெள்ளை மணிகள் மாடிப்படி முழுக்கப் பறந்தன.
பெருக்கியது நான் இல்லை.)

பிறகு அந்தக் கண்காட்சி.
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராணிப்பேட்டை போய்
தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில்
ஐந்து லிட்டர் பிடித்து வந்தேன்,
பிளாஸ்டிக் கேனில்தான், வேறு எதில்.
டம்ளரில் ஊற்றினால்
ஆறிப்போன கடுங்காப்பி நிறம்.

எபனேசர், மூன்றாம் பெஞ்சு.
அவன் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில்
தோல் புரட்டுகிறவர்.
எல்லோருக்கும் தெரியும்,
மழைநாளில் அவன் பக்கத்தில்
யாரும் உட்கார மாட்டார்கள்.
மைக் என் கையில் இருந்தது.
"நம்ம கிளாஸ்லயே ஒருத்தரோட ஃபீஸ்
இந்தத் தண்ணியிலிருந்துதான் வருது" என்றேன்.
டம்ளரை அவன் முன்னால் வைத்தேன்.
"குடிப்பியா?"

கைதட்டினார்கள்.

அவன் டம்ளரைத் தூக்கி
லேபில் பார்ப்பதுபோல்
வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான்.
"எங்க ஊட்டு போர்ல வர்றது
இதவிடக் கொஞ்சம் மஞ்சளா கீது.
குளிக்க அதான். குடிக்க, லாரி வந்தா."
வைத்துவிட்டு உட்கார்ந்தான்.
நான் அடுத்த அட்டையைப் படித்தேன்.
குரோமியம், இத்தனை மில்லிகிராம்.
குரல் நடுங்கவே இல்லை எனக்கு.

சிறந்த மன்றத்துக்கான கேடயம் எங்களுக்கு.
அதில் ஒட்டியிருந்த பச்சை இலை பிளாஸ்டிக்.

அதற்கப்புறம் எபனேசர் சோப்பு மாற்ற ஆரம்பித்தான்.
ஒரு மாதம் சந்தனம், ஒரு மாதம் எலுமிச்சை,
பெயர் தெரியாத ஏதோ பூ.
கடைசிப் பரீட்சைவரை
என் பெஞ்சைத் தாண்டும்போதெல்லாம் வந்தது.

நான் சொன்னதில் பொய் கிடையாது.
அந்த வாய்க்கால் என்னைத் திருத்தவில்லை.
தப்பான காரியத்துக்காகக் கத்தியிருந்தால்
மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்திருக்கும்.

போன மாசியில் காட்பாடி ஜங்ஷன்.
பதினான்கு வருஷம்.
என் பையில் இரண்டு தண்ணீர் பாட்டில்.
வீட்டில் இருபது லிட்டர் கேன் போடுகிற பையனுக்கு
என் நம்பர் மனப்பாடம்.
அவன்தான் முதலில் பார்த்தான்.
"செயலாளரே!"
அப்பாவைக் கேட்டேன்.
"போய்ட்டாரு, ஆறு வருஷம் ஆச்சி."
எதனால் என்று கேட்க வாய் வரவில்லை.
அன்னிக்கு நான், என்று தொடங்கினேன்.
லால்பாக் வருவதை
மூன்று மொழியில் சொல்லத் தொடங்கினார்கள்.

என் மகன் குடித்து முடித்த பாட்டிலை
எபனேசர் வாங்கினான்.
மூடியைக் கழற்றினான், காற்றை எடுத்தான்,
முறுக்கி, மூடித்
தொட்டியில் போட்டான்.

கிண்டலா பழக்கமா என்று
அவன் முகத்தில் தேடினேன்.
அவனோ என் மகனிடம்
எத்தனாவது படிக்கிறாய் என்று
கேட்டுக்கொண்டிருந்தான்.