முப்பத்தோரு ஓடு

நவம்பர் பிறந்ததும் பலெர்மோவின் பால்கனிகளில்
முட்டை ஓடுகள் ஏறிவிடும்.
இலை கொட்டி நிற்கும் ஈழத்தலரியின்
ஒவ்வொரு நுனிக்கும் ஒரு வெள்ளைக் குல்லாய்.
குளிர் முதலில் கடிப்பது நுனியைத்தான்.
அடுத்த கோடையின் பூ உறங்குவதும் அங்கேதான்.

என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது
முழங்கை நீளக் குச்சி ஒன்று.
வேரில்லை, இலையில்லை.
கஸ்பாரே திருப்பித் திருப்பிப் பார்த்தான்:
"இதைத் தொட்டியில் வைப்பதா, அடுப்பில் வைப்பதா?"

பதினேழு வருஷத்தில்
குச்சி பால்கனிக் கம்பியைத் தாண்டியது.
மொட்டெல்லாம் இறுகச் சுருட்டிய குடை.
ஜூன் மாலைகளில் ஒவ்வொன்றாய் அவிழும்,
வெள்ளை விளிம்பு, மஞ்சள் தொண்டை.
மேல்மாடிக்குப் போகிறவர்கள்
எங்கள் வாசலில் நின்று
மூச்சு வாங்குவதுபோல் நடிப்பார்கள்.

முட்டைக் கணக்கு என்னுடையது.
முப்பத்தோரு நுனி, முப்பத்தோரு ஓடு.
அக்டோபர் முழுக்க ஆம்லெட்.
"செடி வளர்க்கிறாயா, கோழிப்பண்ணை வைத்திருக்கிறாயா?"
என்று கேட்டுக்கொண்டே தின்பான்.

போன அக்டோபரில் பிரிந்தோம்.
பாத்திரம் பிரித்தோம், கடனைப் பிரித்தோம்.
தொட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும்.
ரம்பம் எடுத்து ஒரு கிளையை அறுத்தேன்.
பால் கொட்டியது, நிற்கவேயில்லை.
"கையைக் கழுவு. கண்ணில் பட்டால் எரியும்."
பதினேழு வருஷத்தின் கடைசி வாக்கியம்
இப்படி இருக்குமென்று
நான் நினைத்திருக்கவில்லை.

புது அறை வடக்குப் பார்த்தது.
கீழே ப்ரொவிதென்ஸாவின் மீன்கடை.
அறுத்த கிளையைக் காயவிட வேண்டும்,
வெட்டுவாயில் தோல் கட்டும்வரை,
பத்து நாளாவது.
எனக்குத் தெரியாததா?
நாலாம் நாளே நட்டேன்.
தண்ணீர் விட்டேன். மறுநாளும் விட்டேன்.
தூக்கம் வராத இரவுகளில்
எழுந்துபோய் விட்டேன்.
அந்தக் குளிர்காலத்தில் நான் கவனித்துக்கொள்ள
வேறு யாரும் இல்லை.

மே மாதம் அழுத்திப் பார்த்தேன்.
கனிந்த பழத்துக்குள் போவதுபோல்
விரல் உள்ளே போயிற்று.
மீன் செதிள் ஒட்டிய கையோடு
ப்ரொவிதென்ஸா மேலே வந்து முகர்ந்தாள்.
"பொமேலியா தூங்குகிற நேரத்தில்
வாயில் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாய்."

பழைய படிகள். மூன்றாம் மாடி.
இம்முறை உண்மையாகவே மூச்சு வாங்கியது.
கஸ்பாரே கதவைத் திறந்தான், ஒன்றும் கேட்கவில்லை,
பால்கனிக்கு வழிவிட்டான்.

மே மாதத்திலும் ஓடுகள் அப்படியே இருந்தன.
மார்ச்சில் கழற்றுவார்கள் என்று
அவனுக்கு யார் சொல்வது?
உள்ளே இலைகள் மடங்கி நெளிந்து
குல்லாயை முட்டிக்கொண்டிருந்தன.
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
சில ஓடுகள் பாதி நொறுங்கியவை,
சிலவற்றை நூலால் கட்டியிருந்தான்,
ஒன்றின் மேல் கடைக்காரனின் சிவப்பு முத்திரை.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

ஒன்று மிச்சம்.
நான் அறுத்த மொட்டைக் கிளையின் மேல்,
நுனியே இல்லாத இடத்தில்,
சாய்ந்து கிடந்தது.
அதன் அடியில் மூன்று முளைகள்,
பச்சையாய், கூராய்,
ஓட்டை ஒருபக்கம் தள்ளிவிட்டு.

"எல்லா ஆம்லெட்டையும் நீயே தின்றாயா?"
"பக்கத்து வீட்டு நாய்க்கும் கொடுத்தேன்."

துணிக்கொடியில் இடிக்கும் கிளையை
அவனே அறுத்துத் தந்தான்,
செய்தித்தாளில் சுற்றி.
வாசல்வரை வந்தான்.
"இந்த முறை காயவிடு" என்றான்.
நான் கண்ணைத் தேய்க்கப் போனேன்.
"கையை" என்றான்.
கழுவிவிட்டு வந்தேன்.

இன்றைக்கு ஆறாம் நாள்.
கிளை குளிர்பெட்டியின் மேல் படுத்திருக்கிறது.
வெட்டுவாய் வெளிறி இறுகுகிறது.
பூவாளியை ப்ரொவிதென்ஸாவிடம்
கொடுத்து வைத்திருக்கிறேன்,
கெஞ்சினாலும் தராதே என்று சொல்லி.